காது மந்தமான பெரியவரிடம் வீட்டில் எப்படிப் பேசுவது?

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். உங்கள் மாமனாருக்கு 74 வயது. சில ஆண்டுகளாகக் காது மந்தமாகி வருகிறது. சாதாரணமாகப் பேசினால் "என்னம்மா சொன்னே?" என்கிறார், குரலை உயர்த்தினால் "ஏன் கத்துறே, எனக்குக் காது கேக்குது" என்று முகம் வாடுகிறார். நீங்கள் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார். அவருக்கு வேண்டியது மட்டும் காதில் விழுகிறது என்று வீட்டில் சிலர் சொல்கிறார்கள். காது மிஷின் வாங்கிக் கொடுத்தும் அது அலமாரியில் கிடக்கிறது. முன்பெல்லாம் சாப்பிடும்போது ஊர்க்கதை எல்லாம் பேசியவர் இப்போது பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். அவர் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

செவித்திறனைச் சோதிப்பதும் கருவி பொருத்துவதும் என் தொழில். நீங்கள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது கடைசியாகச் சொன்னதுதான். காது மந்தமாவதை விட, அதனால் பேச்சிலிருந்து ஒதுங்கிப் போவதுதான் வயதானவர்களை அதிகம் முடக்குகிறது. அந்த ஒதுக்கத்தைத் தடுக்க வீட்டில் உள்ளவர்களால் நிறையச் செய்ய முடியும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை, பழக்கத்தை மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் காரணம் தெரியாமல் பழக்கத்தை மாற்ற முயன்றால் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடுவோம் என்பதால், அவர் காதுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

"எனக்குக் காது கேக்குது" என்று அவர் சொல்வது உண்மை. நீங்கள் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்பதும் உண்மை. முதுமையில் வரும் செவித்திறன் குறைவு எல்லா ஒலிகளையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. உள்காதில் சுருள் வடிவத்தில் இருக்கும் காக்ளியாவில், ஒரு காதுக்கு ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்ச்செல்கள் இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. சுருளின் தொடக்கப் பகுதி உயர்ந்த அதிர்வெண் கொண்ட கீச்சொலிகளையும், அதன் உச்சிப் பகுதி தாழ்ந்த அதிர்வெண் கொண்ட கனத்த ஒலிகளையும் வாங்குகின்றன. வயதாகும்போது பொதுவாக முதலில் தேய்வது தொடக்கப் பகுதி. அதனால்தான் இடி முழக்கமும் லாரி இரைச்சலும் நன்றாகக் கேட்கும் ஒருவருக்கு, செல்போனின் மெல்லிய மணியும் பேத்தியின் குரலும் கேட்பதில்லை.

பேச்சில் இதன் விளைவு என்னவென்று பாருங்கள். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. க, ச, ட, த, ப ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமான ஒலிகளில் பெரும்பகுதி 2000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேலே, அதுவும் மிகக் குறைந்த வலிமையோடு இருக்கிறது. எனவே யாரோ பேசுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே கேட்கும். "பால்" என்றார்களா, "கால்" என்றார்களா, "தாள்" என்றார்களா என்பது தெரியாது. "பத்து", "சத்து", "கத்து" மூன்றும் ஒன்றாகவே விழும். அரைகுறையாக வந்து சேர்ந்த ஒலியை வைத்துக்கொண்டு, மீதியை அவர் மனம் ஊகித்து நிரப்புகிறது. ஊகம் தவறும்போது சம்பந்தமில்லாத பதில் வருகிறது. அதைக் கேட்டுச் சிரிப்பதும், பெரியவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவதும் மிகப் பெரிய அநியாயம்.

கத்தினால் அவர் ஏன் வருந்துகிறார் என்பதற்கும் உடல் சார்ந்த காரணம் இருக்கிறது. மயிர்ச்செல்கள் தேய்ந்த காதில், மெல்லிய ஒலி கேட்கத் தொடங்கும் எல்லை மேலே ஏறிவிடுகிறது. ஆனால் சத்தம் வலியாக மாறும் எல்லை ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடையில் உள்ள வெளி சுருங்கிவிடுகிறது. ஆகவே குரலைச் சற்று ஏற்றும்போது ஒன்றும் பிடிபடாது. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் திடீரென்று அறைந்தாற்போல் கேட்கும். மேலும், கத்தும்போது பெரிதாவது உயிரொலிகள்தான். அவருக்குத் தேவையான மெய்யொலிகள் அதனால் தெளிவடைவதில்லை. கத்துகிறவரின் முகமும் கோப முகமாக மாறிவிடுகிறது. உங்கள் முகத்தைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒருவருக்கு, எந்தச் சொல்லும் பிடிபடாமல் கோபம் மட்டும் போய்ச் சேர்கிறது.

"அவருக்கு வேண்டியது மட்டும் கேட்கிறது" என்ற பேச்சை வீட்டில் இனி யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் எதிரில் உட்கார்ந்து பேசினால் அவருக்குப் புரிகிறது, நீங்கள் அடுப்படியிலிருந்து சொன்னால் புரிவதில்லை என்றால், அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆண் குரல் பொதுவாகத் தாழ்ந்த சுருதி கொண்டது. அவர் காதில் மிச்சமிருக்கும் திறனுக்கு அது எட்டுகிறது. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் உயர்ந்த சுருதி கொண்டவை. அதே போல, எதிர்பார்த்த விஷயத்தை ஊகிப்பது எளிது. மதியம் ஒரு மணிக்கு "சாப்பிட வாங்க" என்றால் பாதி ஒலியே போதும்; நினைத்தும் பார்க்காத ஒரு செய்தியைச் சொன்னால் முழு ஒலியும் தேவைப்படும். இரவில் வீடு அடங்கிய பிறகு அடுத்த அறையில் நீங்கள் தாழ்ந்த குரலில் பேசியது அவர் காதில் விழுந்திருந்தால், அந்த நேரத்தில் இரைச்சல் இல்லை என்பதே காரணம்.

இனி பேசும் முறைக்கு வருகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு சாதாரணக் காலைப் பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் மிக்ஸி ஓடுகிறது. பல மிக்ஸிகளின் சத்தம், ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் கணக்கில் 80ஐத் தாண்டும். குக்கர் சீறுகிறது. ஹாலில் மின்விசிறியும் டிவியும் ஓடுகின்றன. மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பி நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். உள்ளிருந்து நீங்கள் "மாமா, கரண்ட் பில் கட்டியாச்சா?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியின் மெய்யொலிகள் இரண்டு சுவர்களில் மோதி, மொசைக் தரையில் எதிரொலித்து, மிக்ஸி இரைச்சலோடு கலந்துதான் அவரிடம் போய்ச் சேரும். காது நன்றாக இருக்கும் ஒருவரே தடுமாறக்கூடிய இடம் அது. அவர் "என்னது?" என்றதும் நீங்கள் அதே இடத்திலிருந்து இன்னும் உரக்கச் சொல்கிறீர்கள். மூன்றாவது முறை இருவருக்கும் எரிச்சல் வந்துவிடுகிறது.

இதற்குப் பதிலாக, மிக்ஸியை நிறுத்திவிட்டு ஹாலுக்குப் போய், அவர் பார்வையில் படும்படி முன்பக்கமாக நின்று, "மாமா" என்று ஒருமுறை கூப்பிட்டு, அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு பேசுங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலியின் அளவு 6 டெசிபல் கூடும். 4 மீட்டர் தொலைவிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால், குரலை உயர்த்தாமலேயே 12 டெசிபல் கிடைத்துவிடும். வீட்டுக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அருகில் வரும்போது எதிரொலியின் பங்கு குறைந்து பேச்சின் தெளிவு கூடுகிறது என்பதால், நெருங்கி வருவதற்கு ஈடான வழி வேறு எதுவும் இல்லை. பின்னாலிருந்து திடீரென்று தோளைத் தொடாதீர்கள். நீங்கள் நடந்து வரும் ஓசை அவருக்குக் கேட்காததால் அவர் உண்மையிலேயே திடுக்கிடுவார்.

வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலையோ வாசலையோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத்தான் தெரியும். இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது பலருக்குத் தெரியாத, ஆனால் வியக்கத்தக்க ஒரு விஷயம். ப, ம இரண்டும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். "பாடு", "மாடு" என்பவற்றை உதட்டைப் பார்த்து மட்டும் யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் மூக்கொலியின் அடையாளம் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் இருப்பதால், ப வேறு ம வேறு என்பதை மந்தமான காதும் ஓரளவு கண்டுகொள்ளும். மறுபுறம் ப, த இரண்டையும் பிரிக்க அந்தக் காது திணறும். ஆனால் உதடு மூடியதா, நாக்கு பல்லைத் தொட்டதா என்பதைக் கண் உடனே சொல்லிவிடும். காது விட்டதைக் கண்ணும், கண் விட்டதைக் காதும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டில் ஒன்றைப் பறித்தாலும் புரிதல் சரிந்துவிடும். எனவே பேசும்போது வாயைக் கையால் மறைப்பதும், வெற்றிலையோ பாக்கோ மென்றுகொண்டு பேசுவதும், குனிந்து செல்போனைப் பார்த்தபடி பேசுவதும் அவருக்குப் பெரிய இழப்பு. மேலுதட்டை மூடும் அடர்ந்த மீசை வைத்திருப்பவர்கள் அதைச் சற்றுக் கத்தரித்துக்கொண்டால் நல்லது.

பேசும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, சொற்றொடர்களுக்கு இடையே சிறு இடைவெளி விடுங்கள். எழுத்தெழுத்தாக இழுத்துப் பேச வேண்டாம். அப்படிப் பேசினால் வாயசைவு மாறி, இயல்பான ஓசை நயமும் போய்விடும். சிறு குழந்தையிடம் பேசுவது போன்ற தொனியும் வேண்டாம். நாற்பது ஆண்டுகள் குடும்பத்தைக் கட்டிக் காத்த மனிதருக்கு அது அவமானமாகவே படும்.

தமிழில் பேசுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. நம் மொழியில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. யார், எப்போது, ஆமாவா இல்லையா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் விகுதியில்தான் இருக்கிறது. நாமோ வாக்கியத்தை முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி விழுங்கிவிடுகிறோம். "டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னாரு", "டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லலை" என்ற இரண்டு வாக்கியங்களும் கடைசிச் சொல் வரை ஒன்றே. அந்தக் கடைசிச் சொல் தேய்ந்து போனால் நேர்மாறான பொருள் அவரிடம் போய்ச் சேரும். பேச்சுத் தமிழில் "வந்தான்" என்பதும் "வந்தாள்" என்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன; முடிவில் இருக்கும் மெல்லிய மூக்கொலி மட்டுமே வேறுபாடு. காது நன்றாக இருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அவரால் முடியாது. ஆகவே எழுவாயை விட்டுவிட்டுப் பேசும் நம் பழக்கத்தை அவரிடம் மட்டும் கைவிடுங்கள். "நேத்து வந்தா" என்பதற்குப் பதிலாக, "நம்ம செல்வி நேத்து வந்தா" என்று பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் முதல் சொல்லைப் போலவே முழுதாக உச்சரியுங்கள்.

எண்கள் அதைவிட ஆபத்தானவை. இருபது, அறுபது, எழுபது, எண்பது எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன. பதினாறும் பதினேழும் தொடக்கத்தில் ஒன்றே. சூழலை வைத்து ஊகித்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. "அஞ்சு மணிக்கு", "எட்டு மணிக்கு" இரண்டுமே பொருள் தரும் தொடர்கள்தான். மாத்திரை வேளை, பேருந்து நேரம், பணத்தொகை, தொலைபேசி எண் போன்றவற்றைச் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதியும் கொடுங்கள். தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் போதும். பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுதுங்கள்.

எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது அவருடைய பாரத்தைப் பெருமளவு குறைக்கும். "மாமா, ஊர் நிலத்து விஷயமா ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்கினால், அடுத்து வரக்கூடிய பட்டா, வாய்க்கால், குத்தகை போன்ற சொற்களுக்கு அவர் மனம் தயாராகிவிடும். பேச்சை வேறு விஷயத்துக்குத் திருப்பும்போதும் அப்படியே சொல்லிவிட்டுத் திருப்புங்கள். நாம் ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிட, அவர் பழைய விஷயத்தின் சொற்களையே தேடிக்கொண்டிருக்கும் நிலை அடிக்கடி ஏற்படுகிறது.

புரியவில்லை என்று அவர் சொன்னால், அதே வாக்கியத்தை ஒரே ஒரு முறை தெளிவாகத் திருப்பிச் சொல்லுங்கள். அப்போதும் புரியாவிட்டால் வாக்கியத்தை மாற்றுங்கள். அவர் காதுக்கு எட்டாத ஒரு சொல் பத்தாவது முறையும் எட்டாது. "சித்தப்பா" எட்டாவிட்டால் "உங்க தம்பி" எட்டலாம். எந்தச் சொல் விட்டுப்போனது என்பதை அவரே சொல்ல இடம் கொடுங்கள். "நாளைக்கு எங்கே போறோம்னு சொன்னே?" என்று அவர் கேட்டால், முழுக் கதையையும் மறுபடி சொல்லாமல், ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

ஆனால் ஒன்றைச் செய்யவே செய்யாதீர்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று சொல்லாதீர்கள். என்னிடம் வரும் பெரியவர்கள் தங்களை எது மிகவும் புண்படுத்துகிறது என்று சொல்லும்போது, கேலியை விட அதிகமாக இந்தச் சொற்களைத்தான் குறிப்பிடுகிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள், என்னவென்று கேட்டேன், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று கூறும்போது அவர்கள் குரல் உடைந்துவிடும். சொல்கிறவருக்கு அது சிறு விஷயமாகத்தான் இருந்திருக்கும். கேட்கிறவருக்கு, இந்த வீட்டுப் பேச்சில் இனி உனக்குப் பங்கில்லை என்று சொன்னது போல் ஆகிவிடுகிறது. அந்தச் சிரிப்புச் செய்தி அற்பமானதாகவே இருக்கட்டும், சுருக்கமாகவாவது சொல்லிவிடுங்கள். சொல்ல நேரமில்லை என்றால், "ராத்திரி உக்காந்து சொல்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு, இரவு மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பலமுறை கேட்டுச் சலித்துப்போனவர்கள், புரியாவிட்டாலும் தலையாட்டப் பழகிவிடுகிறார்கள். பொருந்தாத இடத்தில் புன்னகையும், எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்ற பதிலும் அதன் அறிகுறிகள். அப்போது "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை, "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார். தேர்வு வைப்பது போலவும் கேட்கக் கூடாது. "அப்ப நாளைக்கு நாம எத்தனை மணிக்குக் கிளம்பணும் மாமா?" என்று திட்டத்தை அவரோடு சேர்ந்து சரிபார்ப்பது போலக் கேட்டால், விவரமும் உறுதியாகும், அவர் மரியாதையும் காக்கப்படும்.

பலர் கூடும் இடம்தான் அவருக்கு மிகக் கடினம். எதிரெதிர்த் திசைகளிலிருந்து பேச்சு வரும்போது, யார் பேசுகிறார் என்று அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த வாக்கியம் முடிந்துவிடும். சாப்பிடும் வேளையில் டிவியை அணையுங்கள். அவர் முதுகுப் பக்கம் சுவர் இருக்கும்படியும், நன்றாகக் கேட்கும் காது மற்றவர்கள் பக்கம் இருக்கும்படியும், எல்லோர் முகமும் அவருக்குத் தெரியும்படியும் இடம் மாற்றுங்கள். ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் பேசுங்கள். அவர் அருகில் இருப்பவர், பேச்சு எதைப் பற்றிப் போகிறது என்பதை அவ்வப்போது ஒரு வரியில் சொல்லிக்கொண்டிருக்கலாம். கல்யாண மண்டபத்தில் நாதசுரமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கும்போது பேச்சு யாருக்குமே கேட்காது. அங்கே அவரை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி ஓர் ஓரத்தில் உட்கார வைத்து, பார்க்க வருகிறவர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து, "இது நம்ம திருச்சி பெரியம்மா மகன்" என்று அறிமுகப்படுத்துங்கள். யாரென்று தெரிந்துவிட்டாலே மீதிப் பேச்சு எளிதாகிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது கவனமாக இருங்கள். பெரியவருக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும், மருத்துவர் கூட வந்தவரைப் பார்த்தே பேசத் தொடங்கிவிடுவார். நோயாளி தன்னைப் பற்றிய பேச்சுக்கு நடுவே அன்னியரைப் போல உட்கார்ந்திருப்பார். நீங்கள் பணிவாகவே, "அவரைப் பார்த்துச் சொல்லுங்க டாக்டர், முகத்தைப் பார்த்தா அவருக்குப் புரியும்" என்று சொல்லலாம். முகக்கவசம் கட்டாயமில்லாத இடத்தில் அதைச் சற்று இறக்கிப் பேசக் கேட்பதில் தவறில்லை. வீட்டிலும் அப்படியே. நிலம், கல்யாணம், சிகிச்சை எதுவானாலும், சொல்லிப் புரியவைக்க நேரமாகும் என்பதற்காக அவரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கேட்புக் கருவி அலமாரியில் கிடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவது போலக் கருவி போட்டதும் பேச்சு தெளிந்துவிடும் என்று எதிர்பார்த்துதான் பலர் ஏமாறுகிறார்கள். பல ஆண்டுகள் கேட்காமலிருந்த ஒலிகள் முதல் நாளே ஒன்றாகத் திரும்பி வருகின்றன. நாளிதழைப் புரட்டும் சரசரப்பு, தட்டில் கரண்டி படும் ஓசை, தன் செருப்பின் ஓசை, மின்விசிறியின் இரைச்சல் எல்லாம் அவரைத் தாக்கும். எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துத் தள்ள மூளைக்குச் சில வாரங்களாவது பிடிக்கும். எனவே முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது, தினமும் ஓரிரு மணி நேரம் போடச் சொல்லி, பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். வாங்கியதோடு விட்டுவிடாமல், எந்த ஒலி தொந்தரவாக இருக்கிறது என்பதை எழுதி எடுத்துக்கொண்டு, கருவி பொருத்திய செவித்திறன் நிபுணரிடம் (ஆடியாலஜிஸ்ட்) மறுபடியும் போங்கள். அளவைத் திருத்துவது சிகிச்சையின் ஒரு பகுதி. கருவி கீச்சென்று கத்தினால், காதில் சரியாகப் பொருந்தவில்லை அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று பொருள். பட்டன் பேட்டரி என்றால், ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்று பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும். மறுபடி ஒட்டி வைத்தால் சேமிக்க முடியாது. குளிக்கும்போதும் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் கழற்றிவிட வேண்டும். நம் ஊர் வேர்வைக்கும் ஈரப்பதத்துக்கும், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் இரவில் வைப்பது அவசியம்.

கருவி போட்ட பிறகும் நான் மேலே சொன்னவை அனைத்தும் தேவைப்படும். கருவி இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. இரண்டு மீட்டருக்கு அப்பால் அதன் உதவி வேகமாகக் குறைந்துவிடுகிறது. எனவே ஏதாவது கேட்கவில்லை என்றதும் "மிஷின் போட்டீங்களா?" என்று முதல் கேள்வியாகக் கேட்பதையும், "இவ்வளவு காசு போட்டு வாங்கிக் கொடுத்தோமே" என்று சொல்லிக் காட்டுவதையும் விட்டுவிடுங்கள். வெட்கம்தான் தடை என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை அவருக்குச் சொல்லுங்கள்: 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பேச்சைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைவு இருக்கிறது. கருவி வாங்க வசதியில்லாமல் இதைப் படிக்கிறவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயதைக் கடந்தவர்களுக்கு 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கேட்புக் கருவியும் வழங்கப்படுகிறது.

தொலைபேசியில் முகம் தெரியாததால் அது எப்போதுமே சிரமம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை வீடியோ அழைப்பில், முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு செல்போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற இலவசச் செயலி, எதிரில் பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாகக் காட்டும். பேச்சு வழக்கை அது அடிக்கடி தவறாக எழுதினாலும், தமிழ் நாளிதழ் படிக்கிறவருக்கு ஊகிக்க அது கைகொடுக்கும்.

மருத்துவம் சார்ந்த இரண்டு குறிப்புகள். காதில் அழுக்கு கட்டியாக அடைத்திருப்பது இருக்கும் மந்தத்தை இன்னும் கூட்டும். மருத்துவர் அதை எளிதாக அகற்றிவிடுவார், நீங்கள் பட்ஸ், ஊக்கு, காய்ச்சிய எண்ணெய் எதையும் காதுக்குள் விட வேண்டாம். இரண்டாவது மிக அவசரமானது. ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், சளி என்றோ வயது என்றோ நினைத்துக் காத்திருக்காமல், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அதற்கான சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஓரிரு வாரங்கள் தாமதித்தால் வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிவிடும்.

நான் எழுதியிருப்பது, பேச்சு மொழியோடு வாழ்ந்து பிற்காலத்தில் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கானது. பிறவியிலிருந்தே காது கேளாமல், இந்திய சைகை மொழியைத் தம் மொழியாகக் கொண்டவர்களின் தேவை வேறு. அவர்களோடு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தால், மொழிபெயர்ப்பாளரிடம் "அவர் என்ன சொல்றார்?" என்று கேட்காமல், காது கேளாதவரையே பார்த்து நேரடியாகப் பேசுங்கள்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். எல்லோரும் திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நிறுத்தி நிறுத்திப் பேசினால் அவர் மிரண்டுபோவார். அவரிடமே கேட்டுத் தொடங்குங்கள். நாள் முழுதும் ஊன்றிக் கேட்பதே அவருக்குப் பெரும் களைப்பு என்பதால், மாலையில் கேட்காதீர்கள்; காலைக் காப்பிக்குப் பிறகு, வீட்டில் இரைச்சல் தொடங்குவதற்கு முன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் காதில் நன்றாகக் கேட்கிறது, யார் பேசினால் புரிகிறது, யார் பேசினால் புரிவதில்லை, எந்த இடத்தில் உட்கார்ந்தால் வசதி, எழுதிக் காட்டினால் பிடிக்குமா அல்லது அது மனதுக்குச் சங்கடமா என்று கேளுங்கள். சிலருக்கு எழுதிக் காட்டுவது பேருதவி, சிலருக்கு அது பிறர் முன்னிலையில் கூச்சம். அவர் சொல்வதை உங்கள் கணவரிடமும் குழந்தைகளிடமும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் தன் காதைப் பற்றித் தானே விளக்கிக்கொண்டிருக்கும் நிலை அவருக்கு வர வேண்டாம்.